அரியாலைச் சுருதி

சனிக்கிழமை காலை 8.40. அரியாலையில் அனுஜாவின் பாட்டறை மேசையில் மடிக்கணினியைக் காணவில்லை. மூன்று வருடங்களாக அவளே எழுதி, மெட்டமைத்து, பாடிப் பதிந்த ஒன்பது பாடல்கள் அதற்குள் இருந்தன. வேறு பிரதி இல்லை. மாலை ஆறு மணிக்கு வெளியீடு.

"ஆரும் முந்தி வெளியிட்டால் நான்தான் கள்ளி எண்டு சொல்லுவினம்," என்றாள் அனுஜா. அவள் அழவில்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது.

பொலிஸ் சார்ஜன் கேதீஸ்வரி குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "ஆரோடை பகை?"

"கொழும்புக் கம்பனி ஒண்டு பாட்டுகளைக் கேட்டது. சுருதியைத் திருத்தி, தங்கடை பேரிலை தரச் சொன்னவை. மாட்டன் எண்டிட்டன்."

"சுருதிக்கு என்ன?"

தாய் சுகிர்தம் மூலையிலிருந்த ஆர்மோனியத்தை வாசித்துக் காட்டினார். மிஷன் காலத்துப் பெட்டி. அதன் சுருதி கீபோட்டின் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழும். மகள் கிட்டாரை அதற்குத்தான் கூட்டுவாள்.

"புதிசா வாசிக்க வாறவைக்குக் கீபோட் சுருதியை இதுக்கு இறக்கவே கால்மணித்தியாலம் போகும்," என்றார் சுகிர்தம்.

கேதீஸ்வரி நாதஸ்வரத்துக்குப் பேர்போன அளவெட்டிக்காரி. சுருதி பிசகினால் அவருக்குப் பல் கூசும்.

நேற்றுப் பின்னேரம் வீட்டார் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தபோது பூட்டாத வீட்டுக்குத் தனித்தனியே இருவர் வந்துபோனதை அயலார் கண்டிருந்தார்கள்.

9.15. ஒலிபெருக்கி கட்டும் றஜிந்தன்.

"ஸ்பீக்கர் பெட்டியளை விறாந்தையிலை இறக்கிப்போட்டுப் போனனான்."

"நீர் ஒரு பையோடை போனதாம்?"

"வயர், மேடம்." அவனுக்கு வியர்த்துக் கொட்டியது. எல்லோரும் அவனையே முறைத்தார்கள்.

9.25. கீபோட் வாசிக்கப் புதிதாகச் சேர்ந்த தேனுஜன்.

"கீபோட் ஸ்டாண்டை வைச்சிட்டு உடனை போயிட்டன். அவவின்ரை பாட்டு ஒண்டும் நான் இன்னும் கேக்கேல்லை. இண்டைக்குத்தான் முதல் ஒத்திகை."

அனுஜா கிட்டாரை எடுத்தாள். "கொம்பியூட்டர் போனால் என்ன, வாய் இருக்குத்தானே. பழகுவம்."

தேனுஜன் கீபோட்டைப் பையிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைத்தான். அவள் உடனே பாடினாள், அவன் தொடர்ந்தான். பாட்டு வழுக்கிக்கொண்டு போனது. சுகிர்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேதீஸ்வரி புத்தகத்தை மூடினார்.

"நல்லாப் பொருந்திச்சு. அதுதான் பிழை, தம்பி. கீபோட் சுருதியை எப்ப இறக்கினீர்?"

தேனுஜனின் விரல்கள் கட்டையிலேயே நின்றன.

"சுருதியைப் பற்றி உமக்கு ஒருதரும் சொல்லேல்லை. பாட்டும் கேக்கேல்லை எண்டீர். களவெடுத்த பாட்டோடை சேத்து வாசிச்சுப் பாத்திருக்கிறீர். திருப்பி ஏத்த மறந்துபோனீர்."

மடிக்கணினி அவனுடைய கீபோட் பையின் அடித்தட்டில் கிடந்தது.

"கொழும்புக் கம்பனி எனக்கு வாசிக்க இடம் தாறன் எண்டது," என்று முனகினான். "உந்தச் சுருதியிலை பாடினால் ஆர் கேப்பினம்?"

"கேக்கிறவை கேக்கட்டும்," என்றாள் அனுஜா. "சுருதியை ஒரு நூலும் ஏத்தமாட்டன்."

"முதலிலை ஒரு பிரதி எடும் பிள்ளை," என்றார் கேதீஸ்வரி. "கொம்பியூட்டர் வழக்குக்கு வேணும்."

மாலை 6.00. றஜிந்தன் ஆர்மோனியத்தை மேடையில் ஏற்றினான். கீபோட் இருக்கவேண்டிய இடத்தில் சுகிர்தம் அமர்ந்தார்.

"கொழும்பிலை பிழை எண்ட சுருதி இதுதான்," என்றாள் அனுஜா ஒலிவாங்கியில். "ஒன்பது பாட்டும் இதிலைதான்."

அவள் பாடத் தொடங்கினாள். முன்வரிசையில் இருந்த கேதீஸ்வரிக்குப் பல் கூசவில்லை.