அப்பாவுவின் சோத்து டப்பா

திறந்தபோது டப்பாவுக்குள் சுடுசோறு இருந்தது என்று அந்த லண்டன்காரன் எழுதியிருந்தான். திருவொற்றியூர் பிரவுசிங் சென்டரில் மின்னஞ்சலைக் கிருஷ்ணப்பனுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த அங்கத்துப் பெண் மகிமா அந்த இடத்தில் நிறுத்தி, கண்ணைச் சுருக்கி, இன்னொரு தடவை படித்தாள். சுடுசோறும் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும்.

மற்றதெல்லாம் கிருஷ்ணப்பன் எதிர்பார்த்ததுதான். உலகப்போர்ச் சிப்பாயின் டப்பா என்று இணைய ஏலத்தில் அவன் விற்றது போலி என்று ஆள் கண்டுபிடித்துவிட்டான். அந்தக் காலத்துச் சிப்பாய் ஆணியால்தான் கீறுவான், இது மெஷினில் வெட்டிய எழுத்து. தவிர, பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி. தன் பெயருக்கு எந்தச் சிப்பாய் புள்ளி வைப்பான்? பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து இருபது வருஷம் பேர் வெட்டி, கடைசியில் ஒரு புள்ளி வைத்தே முடிக்கும் கைப்பழக்கம் காட்டிக்கொடுத்துவிட்டது.

ஆனால் சோறு?

மகிமா திரும்பிப் பார்த்தாள். அவன் எழுந்துகொண்டான்.

அந்த டப்பா அவனுடையதே இல்லை. அவனுடைய தோஸ்து அப்பாவுவுடையது. கன்டெய்னர் யார்டில் சங்கிலி அறுந்து விழுந்து செத்துப்போன அப்பாவு, பதினைந்து வருஷம் அந்த ஒடுங்கிப்போன அலுமினிய டப்பாவில்தான் சாப்பிட்டான். மூடியில் விரலால் டொக் டொக்கென்று தட்டித்தான் கிருஷ்ணப்பனைச் சாப்பிடக் கூப்பிடுவான். காரியம் முடிந்த கையோடு அவன் பொண்டாட்டி செங்கொடி அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். பெயரும் செத்த தேதியும் வெட்டித் தரச் சொன்னாள், வருஷா வருஷம் அதில்தான் படையல் போட வேண்டுமாம். பழசாக, பார்க்க அசல் போர்க்கால டப்பா மாதிரியே இருந்தது. சை, என்ன மனுஷன் நான் என்று அவனுக்கே இருந்தது, ஆனாலும் யாரோ ஒரு சிப்பாயின் பெயரை வெட்டி அனுப்பிவிட்டான். செங்கொடியிடம் தொலைந்துபோச்சு என்றான்.

இன்று முதல் வருஷப் படையல். மதியம் வரச்சொல்லியிருந்தாள். எப்படியும் இன்று உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே எம்.கே.பி. நகர் போய்ச் சேர்ந்தான். தோளில் பை. பைக்குள், காலையில் அடுத்த ஏலத்துக்கென்று சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய இன்னொரு டப்பா. இன்னும் பேர் வெட்டாதது.

வீட்டுக்குள் ஊதுவத்திப் புகையும் கருவாட்டுக் குழம்பு வாசனையும் கலந்து தொண்டையை அடைத்தன. நெத்திலிதான். அப்பாவுவின் படத்துக்கு முன்னால் இலை விரித்து, நடுவில் டப்பா அளவுக்கு இடம் விட்டிருந்தாள்.

"வேற எதுல போட்டாலும் அவுரு துன்ன மாட்டாருண்ணா," என்றாள் செங்கொடி. "டெய்லி கனவுல வந்து பசிக்குதுன்றாரு. டப்பா கெடச்சுதா?"

சொல்லிவிடலாம். இப்போதே. பையை முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டான்.

"இன்னும் தேடிகினுதாம்மா கீறேன்," என்றான்.

டொக்.

பைக்குள்ளிருந்து.

டொக். டொக்.

செங்கொடியின் முகம் மலர்ந்தது. ஒரு வருஷமாக அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அவன் பார்த்ததில்லை. அவளே பைக்குள் கைவிட்டு டப்பாவை எடுத்து, இலை நடுவில் வைத்து, சோற்றை அள்ளக் குண்டானுக்குப் போனாள்.

"தொறண்ணா. பசியோட கீறாரு."

மூடியில் கை வைத்தான். சுட்டது. உள்ளங்கைக்குக் கீழே ஏதோ குத்தியது. ஒரு புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. உள்ளேயிருந்து.

கையை எடுத்தான்.

அப்பாவு தட்டவில்லை. வெட்டிக்கொண்டிருந்தான். வழவழவென்றிருந்த மூடியில் புள்ளி புள்ளியாக எழுத்து புடைத்து வந்தது. கிருஷ்ணப்பனுடைய கையெழுத்தேதான். அந்தச் சுழி, அந்தச் சாய்வு. 'அ' வரும் என்று பார்த்தான்.

கி.

"மன்னிச்சுக்கடா," என்றான்.

ரு. ஷ்.

செங்கொடி சோற்றுடன் வந்து நின்றாள். ஆவி பறந்தது.

பெயர் முடிந்தது. தேதி தொடங்கியது. நாள். மாதம். வருஷம்.

இன்றைய தேதி.

தட்டுவது நின்றது. கடைசிப் புள்ளி மட்டும் இன்னும் விழவில்லை.