பருந்துமாறனுக்குக் கை நோகாதோ?

அந்தோனியார் மேல் ஆணை. இந்தக் கதையில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஒரு காற்புள்ளியைக்கூட நான் கூட்டிப் போடவில்லை. சந்தேகம் உள்ளவர்களுக்கு என் சைக்கிள் சாட்சி. சைக்கிள் வரும் இடத்தில் அதைச் சொல்கிறேன்.

குருநகரில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் இல்லாத காலம் அது. படம் பார்க்க ஆசை வந்தால் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்குக் கொண்டுவர வேண்டும். ஜெனரேற்றருக்கு ஊற்ற, வீட்டுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்த்துத்தான் தொண்ணூற்றோராம் ஆண்டு ஐப்பசியில் 'பருந்துமாறன்' படத்தைப் பார்த்தோம்.

பருந்துமாறன் பகலில் தபால் கந்தோரில் முத்திரை குத்துகிறவன். யாருக்காவது ஆபத்து என்றால் நீல அங்கியைப் போட்டுக்கொண்டு பறப்பான். கடைசிக் காட்சியில் வில்லன் அவனுடைய சக்தியைப் பறித்துவிட்டான். பருந்துமாறன் வெளிச்சவீட்டின் உச்சியில் ஒற்றைக் கையால் தொங்கினான். கீழே கடல். கடலில் பாறை. ஒரு விரல் நழுவியது. இரண்டாவது விரலும் நழுவியது.

ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமிவிட்டு நின்றுபோனது.

மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அடுத்த நாள் காலை வீடியோக்காரர் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு சாவகச்சேரியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். பருந்துமாறன் தொங்கியபடியே நின்றான்.

அன்று காலை மெற்றில்டா என்ற ஆறு வயதுப் பிள்ளை, வலது கையை மேலே தூக்கியபடி படுக்கையிலிருந்து எழும்பினாள்.

"கையை இறக்கு பிள்ளை," என்றார் தாய்.

"மாட்டன்."

"ஏன்?"

"நான் இறக்கினால் அவர் விழுந்திடுவார்."

ஒரு நாள் பார்த்தார்கள். ஒரு கிழமை பார்த்தார்கள். கை இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ரீச்சர் எந்தக் கேள்வி கேட்டாலும் மெற்றில்டாவின் கை மேலேயே நின்றது. பாவம், ரீச்சரும் எல்லாக் கேள்விக்கும் அவளையே எழுப்பினார். வெட்கம் தாங்காமல் அவள் எல்லாப் பாடத்தையும் படித்து வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்தாள். ஒரு காகம் அந்தக் கையை மரக்கிளை என்று நினைத்துக் கூடு கட்ட இரண்டு சுள்ளி கொண்டுவந்தது. அதை நான் என் கண்ணால் கண்டேன்.

இதனால் அல்லாடியது மெற்றில்டாவின் அக்கா பெர்னடெட்தான். அவளுக்கு வயது பதினொன்று. தங்கைக்குப் பொத்தான் பூட்டுவது, தலை வாரி இழுப்பது, கிணற்றடியில் முகம் கழுவிவிடுவது எல்லாம் அவள் தலையில் விழுந்தன. எட்டு மாதம்!

"மெற்றில், அது படமடி," என்பாள் பெர்னடெட்.

"தெரியும்."

"பேந்தென்ன?"

"படமெண்டாலும் கை நோகுந்தானே?"

பெர்னடெட் அடுத்த பொத்தானைப் பூட்டினாள்.

வைகாசி மாதம் கொழும்பிலிருந்து அவர்களுடைய மாமியின் கடிதம் வந்தது. சேலைகளைப் பற்றி இரண்டு பக்கம், முழங்கால் வலியைப் பற்றி ஒரு பக்கம். கடைசியில் ஒரே ஒரு வரி: 'பருந்துமாறன் இரண்டாம் பாகமும் வந்திருக்கு. நல்ல படம்.'

அவ்வளவுதான். பருந்துமாறன் விழுந்தானா, ஏறினானா என்று ஒரு சொல் இல்லை. பெர்னடெட் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் ஊதிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"மாமிக்கு முழங்காலுக்குப் பதிலா மூளையிலதான் வருத்தம்," என்றாள் எரிச்சலோடு.

அந்தப் படம் எங்கள் பக்கம் வர வருடக்கணக்காகலாம். அதுவரை பொத்தான் பூட்ட முடியுமா? பெர்னடெட் நேரே சுவாமியாரிடம் போனாள்.

"சுவாமி, கோவில் பெருநாள் கலைவிழாவில பருந்துமாறன் இரண்டாம் பாகத்தை நாங்களே நாடகமாப் போடப் போறம்."

"இருபது நிமிசம் தாறன்," என்றார் சுவாமியார். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சரிவரேல்லையெண்டால் அந்த நேரத்தை உபதேசியாருக்குக் குடுத்திடுவன்."

தெருவே நடுங்கியது. உபதேசியார் அடைக்கலநாதனிடம் 'சுருக்கமாகப் பேசுவது எப்படி' என்ற பேச்சு ஒன்று இருந்தது. போன முறை அது இரண்டரை மணித்தியாலம் ஓடியது.

பயிற்சி என் முற்றத்தில் நடந்தது. காரணம் என் சைக்கிள். நாடக வாத்தியத்துக்கான ரேப் றெக்கோடருக்குப் போடப் பற்றரி எங்கும் கிடையாது. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, ஒருவர் ஏறி மிதித்தால் ரேப் பாடும். எங்களிடம் இருந்தது ஒரு பாண்ட் வாத்தியக் கசெற். மெதுவாக மிதித்தால் எருமை கத்துவதுபோலக் கேட்கும். வேகமாக மிதித்தால் காதுக்குள் நுளம்பு பாடுவதுபோலக் கேட்கும். இரண்டுமே சண்டைக் காட்சிக்குப் பொருத்தமாக இருந்தன.

நடிகர்கள் இரண்டு பேர். பெர்னடெட்டின் வகுப்புப் பையன்கள் கனிசியசும் சிமியோனும். பருந்துமாறனின் ரசிகர்கள் என்றால் அவர்கள்தான் ரசிகர்கள். அதுதான் பிரச்சினை.

"இரண்டாம் பாகத்தில மாறனுக்குப் பறக்க இரும்புச் செட்டை முளைக்கவேணும்," என்றான் கனிசியஸ். "ஏழு வில்லன்மார் வரவேணும்."

"உனக்கு விசரே?" என்றான் சிமியோன். "அவன்ரை சக்தி போட்டுது. இனி அவன் சாதாரண ஆள். முதலிலயிருந்து எல்லாத்தையும் பழகவேணும். அதுதான் கதை."

"சாதாரண ஆளைப் பாக்கிறதெண்டால் நான் உன்ரை கொப்பரைப் பாப்பன். என்னத்துக்குப் படம்?"

"என்ரை அப்பாவை இழுக்காதை, சொல்லிப்போட்டன்!"

"செட்டை!"

"சக்தி இல்லை!"

"அவருக்குக் கை நோகாதோ?" என்று கேட்டாள் மெற்றில்டா. அவள் கையைத் தூக்கியபடி மூலையில் இருந்தாள்.

"நீ சும்மா இரு!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

பெர்னடெட்டிடம் இருந்தது ஒரே ஒரு கொப்பி. அந்த நாளில் கொப்பியும் இலேசாகக் கிடையாது. திங்கட்கிழமை இரும்புச் செட்டையோடு எழுதினாள். சிமியோன் வெட்டச் சொன்னான். செவ்வாய்க்கிழமை செட்டையில்லாமல் எழுதினாள். கனிசியஸ் கிழிக்கச் சொன்னான். கிழித்த தாளை என் ஆடு தின்றது. தின்றுவிட்டு அது குசினிக் கூரையில் ஏறி, இரண்டு மணித்தியாலம் வானத்தைப் பார்த்தபடி நின்றது. அதை இறக்க நான் பட்ட பாடு வேறு கதை.

புதன்கிழமை விவாதம் இன்னும் சூடாகியது. அந்தச் சூட்டில் பக்கத்து வளவில் காயப்போட்ட தூண்டில் மீன் கருவாடு மத்தியானத்துக்கு முன்னமே காய்ந்துவிட்டது. கருவாடு வாங்க நெல்லியடியிலிருந்து வந்த ஒரு மனிதர் வேலியில் சாய்ந்தபடி பின்னேரம் வரை கேட்டுவிட்டு, வாங்க வந்ததையே மறந்து புறப்பட்டார். போகும்போது, "செட்டைக்காரரின்ரை பக்கமும் ஒரு நியாயம் இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனார். அதனால் இன்னும் ஒரு மணித்தியாலம் நாசமாகியது.

வியாழக்கிழமை கொப்பியில் ஒரு பக்கம்தான் மிச்சம். பென்சில் ஒரு பல்லளவு இருந்தது.

"ஐயோ மாதாவே!" என்று கத்தினாள் பெர்னடெட். "ஞாயிற்றுக்கிழமை பெருநாள்! இன்னும் முதல் வசனம்கூட இல்லை! கனிசியஸ், போய்ச் சைக்கிளை மிதி. வாத்தியத்தையாவது கேட்டுப் பாப்பம்."

கனிசியஸ் முணுமுணுத்துக்கொண்டு ஏறி மிதித்தான். எருமை கத்தியது. ஐந்து நிமிடம் போனது. அந்த ஐந்து நிமிடமும் முற்றத்தில் வேறு சத்தமே இல்லை. கனிசியசுக்குப் பேச மூச்சு இல்லை. எதிர்த்துப் பேச ஆள் இல்லாததால் சிமியோனும் பேசவில்லை.

பெர்னடெட் பென்சிலைக் கடித்தபடி சைக்கிளைப் பார்த்தாள். கனிசியசைப் பார்த்தாள். மறுபடி சைக்கிளைப் பார்த்தாள்.

"இனி ஒரு சட்டம்," என்றாள். "கதைக்கிற ஆள் மிதிக்கவேணும். வாத்தியம் நிண்டால் வாயும் நிக்கவேணும். அப்பு, உங்கடை சைக்கிள் தாங்குமோ?"

"அதை நீ சைக்கிளிட்டைக் கேள் பிள்ளை," என்றேன் நான்.

கனிசியஸ் முதலில் தொடங்கினான்.

"மாறனுக்கு... இரும்பு... இரும்புச் செட்டை... ஏழு வில்லன்..."

"மிதி, மிதி!"

"நாலு வில்லன்... காணும்..."

"வாத்தியம் நிக்கப்போகுது!"

"ஒருத்தன்... ஒருத்தன் போதும்!" என்று சொல்லிவிட்டு அவன் சைக்கிளிலிருந்து சரிந்தான்.

அடுத்தது சிமியோன். அவன் மிதித்த மிதியில் சில்லிலிருந்து அடித்த காற்று, பக்கத்து வீட்டுக் கொடியில் கிடந்த ஈரச் சாரம் இரண்டையும் காய வைத்தது.

"மாறன் மலைக்குப் போய்... பன்னிரண்டு வருசம்... பழகிறான்..."

"பன்னிரண்டு வருசமோ?"

"பன்னிரண்டு... கிழமை..."

"ம்?"

"ஒரு... ஒரு பின்னேரம்!"

அவனும் இறங்கினான். இருவரும் தென்னை மரத்தடியில், கூடையில் கொட்டிய மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தார்கள். முற்றம் அமைதியானது. மறுபடி கூரையில் ஏறி நின்ற ஆடுகூட மெல்லுவதை நிறுத்தியது.

அந்த அமைதியில் மெற்றில்டாவின் குரல் கேட்டது.

"அவருக்குக் கை நோகாதோ?"

எட்டு மாதமாக அவள் கேட்ட கேள்வி. அன்றுதான் அது மற்றவர்களின் காதில் விழுந்தது.

"எவ்வளவு நாளாத் தொங்கிறார்," என்றாள் அவள். "நீங்கள் செட்டையைப் பற்றிக் கதைக்கிறியள். மலையைப் பற்றிக் கதைக்கிறியள். முதல்ல அவரைக் காப்பாத்துங்கோவன்."

சிமியோன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஓமடா," என்றான் மெதுவாக. "நாங்கள் அவனை அப்பிடியே விட்டிட்டம்."

"செட்டை முளைச்சாலும் அவன் தொங்கிக்கொண்டெல்லோ நிக்கிறான்," என்றான் கனிசியஸ். தலையைச் சொறிந்தான். "ஆனா ஆர் காப்பாத்திறது? சக்தியும் இல்லை, செட்டையும் இல்லை."

பெர்னடெட் என் வேலியைப் பார்த்தாள். கரைவலை இழுக்கும் வடம் அதில் சுருட்டித் தொங்கியது. போரால் கடலுக்குப் போக முடியாத நாட்கள். வடம் மாதக்கணக்காகச் சும்மா கிடந்தது.

அவள் கொப்பியைத் திறந்து, மிச்சமிருந்த அந்த ஒரு பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். பென்சில் முடிந்தபோது நாடகமும் முடிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோவில் வளவில் இரண்டு பீப்பாய்களின்மேல் ஏணியை நிறுத்தி வெளிச்சவீடு செய்திருந்தார்கள். நீல அங்கியோடு சிமியோன் அதில் ஒற்றைக் கையால் தொங்கினான். அவன் இடுப்பில் வடம் கட்டியிருந்தது. வடம் மேலே வேப்பமரக் கொப்பின் மேலாகப் போய், மறுபக்கம் சனங்களுக்கு நடுவே இறங்கியது. ஒரே வில்லனான கனிசியஸ் கீழே நின்று ஏழு பேருக்குரிய சிரிப்பைச் சிரித்தான்.

பெர்னடெட் மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மாறனுக்கு இப்ப சக்தி இல்லை. செட்டையும் இல்லை," என்றாள். "ஆனா எங்களிட்டை வடம் இருக்கு. எல்லாரும் ஒருக்காப் பிடியுங்கோ!"

மாதக்கணக்காக வலை இழுக்காத கைகள். கேட்கவா வேண்டும்? முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை எல்லாரும் எழும்பி வடத்தைப் பிடித்தார்கள். யாரோ வலை இழுக்கும்போது பாடும் அம்பாவைப் பாடத் தொடங்கினார்கள். ஓர் ஆள் உயரம் இழுத்தால் போதும் என்று பெர்னடெட் சொல்லியிருந்தாள். அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. ஆயிரம் இறாத்தல் மீன் பட்ட வலையை இழுப்பதுபோல இழுத்தார்கள்.

சிமியோன் வெளிச்சவீட்டைத் தாண்டினான். வேப்பங்கொப்பைத் தாண்டினான். கோவில் கோபுரத்துச் சிலுவையை ஒரு தரம் சுற்றி வந்து, உபதேசியார் அடைக்கலநாதனின் மடியில் இறங்கினான். உபதேசியார் ஓர் ஆயத்தத்துக்காகப் பேச்சைக் கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார். எழுபது பக்கம். மெத்தைபோல இருந்ததால் சிமியோனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

"சக்தியே இல்லாமல்!" என்று கத்தினான் சிமியோன்.

"பறந்தானடா!" என்று கத்தினான் கனிசியஸ்.

இருவர் சொன்னதும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தது அன்றுதான்.

மெற்றில்டா சனங்களுக்குள்ளால் நுழைந்து வந்தாள். சிமியோனின் இரண்டு காலும் நிலத்தில் இருப்பதைக் குனிந்து பார்த்தாள்.

"தப்பிட்டாரோ?"

"தப்பிட்டார்," என்றாள் பெர்னடெட்.

மெற்றில்டாவின் கை மெல்ல மெல்லக் கீழே வந்தது. முழங்கையை ஒரு தரம் தடவிக்கொண்டாள். பிறகு, கழன்று கிடந்த தன் சட்டைப் பொத்தானைத் தானே பூட்டினாள். பெர்னடெட் எட்டு மாதமாக அடக்கிவைத்த பெருமூச்சை விட்டாள்.

அடுத்த நாள் காலை பெர்னடெட் வடத்தைத் திருப்பித் தர வந்தபோது என் படலையடியில் கனிசியசும் சிமியோனும் நின்றார்கள்.

"பெர்னடெட், மூண்டாம் பாகத்தில மாறன்..." என்று தொடங்கினான் கனிசியஸ்.

"அது அப்பிடியில்லை..." என்றான் சிமியோன்.

பெர்னடெட் சைக்கிளை மட்டும் காட்டினாள். இருவரும் வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

நடந்தது இவ்வளவுதான். சாட்சி பார்க்க யாரும் பஸ் ஏறி வரவேண்டாம். என்னிடம் ஒருநாளும் சைக்கிள் இருந்ததில்லை.