பிரேக்கில் கோழி வாசனை

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும், எங்கள் மலைச்சரிவில் விளைகிற திராட்சை முழுக்க எனக்கு மட்டும் வினிகராகப் போகட்டும். அத்தனையும் சத்தியம்!

"ஐயோ...! பிரேக் பிடிக்கலை...! விலகுங்க...!"

ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து சனம் வெளியே வருகிற நேரம்.

மலைப்பாதையில் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் பாய்ந்து வந்தது. கூரை இல்லாத, கிழட்டு கார். உள்ளே அதைவிடக் கிழடான ஒரெஸ்தே!

பாதிரியார் அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

டமார்...!

கார், திராட்சை வண்டியில் சொருகி நின்றது. ஒரெஸ்தேயின் தலையிலிருந்து சிவப்பாக வழிந்தது...

சாறு!

"கொலை முயற்சி சார்!" ஒரெஸ்தே, இன்ஸ்பெக்டர் நெரியோவிடம் அலறினார். "நேத்துதான் என் கையாலயே நாலு வீல் பிரேக்கையும் பிரிச்சு, புது ரப்பர் போட்டு, புது ஆயில் ஊத்தினேன். எவனோ கை வச்சிருக்கான்!"

நெரியோ பானெட்டைத் தூக்கினார். பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திருகி மோந்தார்.

மறுபடி மோந்தார்!

"என்ன சார்?"

"கோழி சூப். கேரட் போட்டிருக்கு."

விசாரணை நேரே சமையலறைக்குப் போனது. ஒரெஸ்தேயின் மனைவி ஃபௌஸ்தா, கறி பொதிந்த குட்டிக் கொழுக்கட்டை மாதிரியான தொர்தெல்லினியைச் சூப்போடு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தாள்.

"ஃபௌஸ்தாக்கா... உங்களைக் கைது பண்ணத்தான் வந்திருக்கேன்."

"பண்ணு தம்பி. முதல்ல சாப்பிடு, ஆறிடும்."

சாப்பிட்டார்.

"இப்ப இந்த மனுஷனைக் கேளு. பிரேக் ஆயிலை எதுல ஊத்தி வச்சிருந்தாராம்?"

"ஜாம் பாட்டில்ல..." ஒரெஸ்தே முனகினார்.

"எங்க?"

"அடுப்புக்கு மேல ஷெல்ஃப்ல. அது காத்துல இருக்கிற ஈரத்தை எல்லாம் குடிச்சிடும் சார்... வீட்லயே ஈரம் படாத இடம் அதான்!"

"பக்கத்துல ஆற வச்சிருந்தது என் சூப் பாட்டில். ரெண்டும் ஒரே தேன் கலர். மாத்தி எடுத்துட்டுப் போய் காருக்கு ஊட்டிட்டார்!"

நெரியோ தலையாட்டினார். புரிந்துவிட்டது. சமதரையில் பிரேக் பிடித்திருக்கிறது. இறக்கத்தில் மிதிக்க மிதிக்கச் சூடேறி, சூப் கொதித்து, குழாய் முழுக்க ஆவி! பெடல் தரையோடு போய்விட்டது.

"கேஸ் முடிஞ்சுது. அக்கா நிரபராதி!"

கடைசிக் கரண்டியை வாய்க்குக் கொண்டு போனார்.

கரண்டி பாதியில் நின்றது.

"அப்போ... ஆயில் பாட்டில் எங்க...?"

முகம் வெளுத்தது. கிண்ணத்தைப் பார்த்தார். காலி!

"சீ... இது இன்னிக்கு வச்ச சூப் தம்பி! நேத்து சாயங்காலமே ஷெல்ஃப்ல மிச்சம் இருந்த பாட்டிலைத் திறந்து பார்த்தேன். என் சூப்னா மேல கொழுப்பு மிதக்கும். அதுல ஒரு பொட்டு இல்லை. அது இவரோட சனியன்னு புரிஞ்சு காரேஜ்ல கொண்டு போய் வச்சுட்டேன்."

"அப்பாடா!"

நெரியோ கடைசிக் கரண்டியை விழுங்கினார்.

"இருங்க... நேத்து சாயங்காலமேவா?"

"ஆமா."

"இவர் காரை எடுத்தது இன்னிக்குக் காலைல!"

நெரியோ கரண்டியைக் கீழே வைத்தார்.

"காருக்குள்ள சூப் இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் போனேன். 'காரைப் பத்தி உனக்கு என்னடி தெரியும், வாயை மூடு'ன்னார்." ஃபௌஸ்தா கரண்டியைக் கழுவினாள். "மூடினேன்."

கைவிலங்கு வெளியே வந்தது!

குறுக்கே பாய்ந்தார் ஒரெஸ்தே.

"சார், வேண்டாம்! புகார் வாபஸ்!"

"யோவ், உன்னைக் கொல்லப் பார்த்திருக்கா!"

"அது எங்க குடும்ப விஷயம் சார். பிரேக் மொத்தத்தையும் மறுபடி பிரிக்கணும். குழாய்ல நிக்கிற காத்தை எடுக்கணும். நான் வீலுக்கடியில படுத்துக்கிட்டுக் கத்தக் கத்த பெடலை மிதிக்கணும்... இவளை விட்டா இந்த ஊர்ல எவ மிதிப்பா?"

"மரியாதையா கேட்டா மிதிப்பேன்" என்றாள் ஃபௌஸ்தா.

"மிதிங்கம்மா!"

விலங்கு பைக்குள் போனது. இன்ஸ்பெக்டர் இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒரு சின்னத் தகவல். ஒரெஸ்தேயின் காருக்குப் பிரேக் பிடிப்பது வெறும் இரும்புக் கம்பியில். அதில் ஆயிலோ சூப்போ ஊற்ற ஓர் ஓட்டைகூடக் கிடையாது! அதனால்தானோ என்னவோ, இந்த வருஷம் என் திராட்சை மட்டும் வினிகர்!