வேகத்தைக் கூட்டிய விஜயதசமி

சரஸ்வதி பூசையன்று தர்மிகாவின் வீட்டில் யாருக்கு அதிகப் பூ கிடைத்தது தெரியுமா? சரஸ்வதிக்கு இல்லை. அம்மாவின் பழைய கணினிக்கு!

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், மூன்றாம் மாடியில் அவர்களுடைய சின்ன வீடு இருக்கிறது. படிக்கிறவர்கள் தங்கள் புத்தகங்களைச் சரஸ்வதியின் முன்னால் வைப்பது வழக்கம். பன்னிரண்டு வயது தர்மிகா தன் கணக்குப் புத்தகத்தை வைத்தாள். கணக்குக்கும் அவளுக்கும் கொஞ்சம் தகராறு. அம்மா சிவகௌரியோ கணினியையே தூக்கி வந்து வைத்துவிட்டார். ஏனென்றால் அம்மாவும் ஒரு மாணவிதான். முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டே தாதியர் பயிற்சிக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

அம்மா கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்தார். செவ்வந்திப் பூவை உதிர்த்துத் தூவினார். பிறகு அதன் மேல்பக்கத்தில், ஓட்டை ஓட்டையாக இருக்கும் இடமாகப் பார்த்து, விபூதியை அள்ளிப் போட்டார்.

"அதில ஏன் அம்மா இவ்வளவு?" என்று கேட்டாள் தர்மிகா.

"அதின்ர மூளை அந்த இடத்திலதான் இருக்கு எண்டு சாருஜன் சொன்னவன். மூளைக்குத்தானே விபூதி வேணும்?"

சாருஜன் அண்ணா பெரியம்மாவின் மகன். ஆஹென் நகரில் படிக்கிறார். நான்கு வருடங்களுக்கு முன் புதுக் கணினி வாங்கியபோது, இந்தக் கணினியை இவர்களுக்குக் கொடுத்தவர் அவர்தான்.

பாவம், அந்த மூளை இப்போது படு மந்தமாகிவிட்டது. அம்மா ஒரு வரி தட்டினால், எழுத்துகள் ஆற அமர ஒவ்வொன்றாக வந்து சேரும். "இது திறக்கிறதுக்குள்ள நான் ஒரு பருப்பு வைச்சிடுவன்" என்று சொல்லி அம்மா சமையலறைக்குப் போவார். உண்மையாகவே பருப்பை இறக்கி வைத்துவிட்டு வருவார். ஒருநாள்கூடச் சலித்துக்கொண்டதில்லை.

அதுதான் தர்மிகாவுக்குத் தாங்க முடியவில்லை. அம்மா விடிய ஐந்து மணிக்கு வேலைக்கு ஓடுகிறார். வந்து சமைக்கிறார். தர்மிகாவின் கணக்குக்கும் தலையைக் கொடுக்கிறார். அதற்குப் பிறகுதான் இந்த ஆமையின் முன்னால் உட்காருகிறார். இப்படிப்பட்ட அம்மாவுக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவள் மனம் கிடந்து துடித்தது.

மறுநாள் விஜயதசமி. இலையுதிர்கால விடுமுறை என்பதால் பள்ளி இல்லை. அம்மா கணினியை மறுபடியும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்குப் புறப்பட்டார்.

"பிள்ளை, இண்டைக்குப் பின்னேரம் ஆறு மணிக்குள்ள கட்டுரையை அனுப்ப வேணும். பிந்தினால் இந்த வருசம் சோதனை எழுத ஏலாது. வந்து கடைசிப் பக்கத்தை முடிக்கிறன்" என்றார்.

விஜயதசமி புதிதாக ஒன்றைக் கற்கத் தொடங்கும் நாள். சின்னப் பிள்ளைகள் அரிசியில் 'அ' எழுதுவார்கள். தர்மிகா ஓவர்க்ளாக்கிங் தொடங்கினாள்.

கணினியின் மூளையான புரோசசருக்கு, அதைச் செய்தவர்கள் ஒரு வேகத்தைக் குறித்திருப்பார்கள். சில புரோசசர்களில் ஓர் எண்ணை மாற்றினால் அதைவிட வேகமாக ஓட வைக்கலாம். அதுதான் ஓவர்க்ளாக்கிங். ஒரு ஜெர்மன் இளைஞர் இதைக் காணொளியில் விளக்கியிருந்தார். காணொளி இருபது நிமிடம். தர்மிகா தன் கைபேசியில் எட்டு நிமிடம் பார்த்தாள். மீதி முழுவதும் 'சூட்டைக் கவனியுங்கள், ஒவ்வொரு படியாகக் கூட்டுங்கள்' என்றே போனதால் நிறுத்திவிட்டாள்.

திரையில் 36 என்று இருந்தது. அடுத்த படி 37. "37 எல்லாம் ஒரு வேகமா?" என்று சொல்லி ஒரேயடியாக 42 ஆக்கினாள்.

கணினி துள்ளி எழுந்தது. அவள் தட்டத் தட்ட எழுத்துகள் ஓடி வந்தன. "அம்மா வந்து பார்த்தால் மயங்கி விழப்போறா!" என்று கைதட்டினாள்.

நான்கு நிமிடம் போயிருக்கும். 'டப்' என்று எல்லாம் அணைந்தது.

பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. திரை கறுப்பாகவே இருந்தது. மறுபடியும் அழுத்தினாள். கறுப்புத்தான்.

அம்மாவின் கட்டுரை உள்ளே இருந்தது. பத்தொன்பது பக்கம்!

'பழைய கணினிதானே, தானாகப் பழுதாகிவிட்டது என்று சொன்னால் அம்மா நம்புவார்' என்று ஒரு நினைப்பு வந்தது. அம்மா நம்பித்தான் இருப்பார். அதை நினைத்தபோதுதான் தர்மிகாவுக்கு அழுகை வந்தது.

மூக்கைத் துடைத்துக்கொண்டு, காணொளியின் மீதிப் பன்னிரண்டு நிமிடத்தையும் பார்த்தாள். கணினிக்குள் காசு போல வட்டமாக ஒரு பற்றரி இருக்கும். மின்கம்பியைக் கழற்றிவிட்டு, அதையும் பத்து நிமிடம் வெளியே எடுத்து வைத்தால், மாற்றிய எண்கள் எல்லாம் பழையபடி ஆகிவிடுமாம்.

அவள் திருகாணி முடுக்கியை எடுத்து வந்தாள். ஆனால் திறக்கவில்லை. அம்மாவிடம் கேட்காமல் ஒருமுறை கை வைத்ததே போதும் என்று காத்திருந்தாள்.

மூன்று மணிக்கு அம்மா வந்தார்.

"அம்மா, நான் ஒண்டு செய்துபோட்டன். சொல்லி முடியுமட்டும் பேசாதேங்கோ" என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னாள்.

அம்மா குளிர்ச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கட்டுரை?"

"உள்ளதான் இருக்கும் எண்டு நினைக்கிறன். வேற எங்கயும் பிரதி இருக்கோ அம்மா?"

"எங்க இருக்கு? யூ.எஸ்.பி ஸ்டிக்கில போடுங்கோ எண்டு நீ எத்தினை தரம் சொன்னனி! நான்தான் கேக்கேல்லை." அம்மா மணிக்கூட்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, திற. நான் பக்கத்தில இருக்கிறன்."

தர்மிகா மின்கம்பியைக் கழற்றி, பக்கத் தகட்டைத் திறந்தாள். வட்டப் பற்றரியை எடுத்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் கைபேசி வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தாள்.

புரோசசரின் மேல் ஒரு விசிறி இருந்தது. அதன் அடியில், காற்றுப் போக வேண்டிய இடுக்குகள் எல்லாம் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. விசிறியின் ஓரத்தில் காய்ந்த செவ்வந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன.

தர்மிகாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அம்மா பூசைக்கு மட்டுமா விபூதி போட்டார்? நான்கு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் போட்டவர் ஆயிற்றே! அவ்வளவு நம்பிக்கையோடு போட்டதை எப்படிக் குற்றம் சொல்வது?

"தூசி அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஓவியத் தூரிகையால் மெதுவாகத் தட்டத் தொடங்கினாள்.

அம்மா தூரிகையை வாங்கி மூக்குக்குப் பக்கத்தில் பிடித்தார்.

"தூசி விபூதி மாதிரி மணக்குமோ?"

தர்மிகா கைபேசி வெளிச்சத்தை வேறு பக்கம் திருப்பினாள்.

"இது என்ர விபூதி. உது என்ர பூ" என்றார் அம்மா. அவர் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. "படுக்கையில இருக்கிற ஆக்களுக்கு மூச்சு முட்டாமல் எப்பிடிப் பாக்கிறது எண்டு பத்தொன்பது பக்கம் எழுதி வைச்சிருக்கிறன். வீட்டில இதின்ர மூச்சை நானே அடைச்சுப்போட்டன்!"

இரண்டு பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். அம்மா வெளிச்சம் பிடிக்க, தர்மிகா இடுக்கு இடுக்காகச் சுத்தம் செய்தாள். பிறகு பற்றரியைப் போட்டு, தகட்டை மூடி, பொத்தானை அழுத்தினாள். அம்மா அவள் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

திரையில் வெளிச்சம் வந்தது!

தர்மிகா முதல் வேலையாகக் கட்டுரையை ஸ்டிக்கில் பிரதி எடுத்தாள். பத்தொன்பது பக்கமும் பத்திரமாக இருந்தன. அம்மா கடைசிப் பக்கத்தைத் தட்டத் தொடங்கினார். எழுத்துகள் விரலோடு விரலாக ஓடின.

"நீ திரும்பவும் வேகத்தைக் கூட்டிப்போட்டியோ?" என்று அம்மா சந்தேகமாகப் பார்த்தார்.

"இல்லை அம்மா, 36தான். இவ்வளவு நாளும் சூடு தாங்கேலாமல்தான் மெல்ல மெல்ல வேலை செய்திருக்கு."

ஐந்து மணி இருபது நிமிடத்துக்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது. 'பெற்றுக்கொண்டோம்' என்று பதிலும் வந்தது.

அம்மா கதிரையைத் திருப்பி, தர்மிகாவின் இரண்டு கைகளையும் பிடித்தார்.

"நன்றி, பிள்ளை."

தர்மிகா திகைத்துப்போனாள். வெளியில் ஜெர்மன் மொழியில் ஒரு நாளைக்கு நூறு தரம் நன்றி சொல்வார்கள். வீட்டில் தமிழில் யார் யாருக்குச் சொல்கிறார்கள்? அம்மா தினமும் செய்கிற எல்லாவற்றுக்கும் தானும் ஒருநாள்கூடச் சொன்னதில்லையே என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான்தான் அம்மா உங்களுக்குச் சொல்ல வேணும். நன்றி அம்மா" என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, "நானெல்லோ பிழை விட்டனான்?" என்று கேட்டாள்.

"ஓம், அது வேற. கேக்காமல் கை வைச்சதுக்கு, ஒரு கிழமைக்குப் பாத்திரம் முழுக்க நீதான் கழுவ வேணும். நன்றி மற்றதுக்கு."

தர்மிகா இரண்டையும் சந்தோசமாக வாங்கிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டபடி சமையலறைக்குப் போனாள்.