எல்லாக் கட்டத்திலும் ஐந்து

"ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துங்க நர்ஸக்கா" என்று தையல்காரர் கேட்டபோது மதியம் மூன்று மணி. மண்டையைப் பிளக்கும் வெயில். நாய்க்கடி ஊசி அறைக்கு வருகிறவர்கள் வந்ததும் வராததுமாக நாற்காலியை அந்த ஒற்றை ஃபேனுக்கு அடியில் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்; இவரானால் மூலையில் ஒண்டிக்கொண்டு, காலரைத் தூக்கிக் கழுத்தை மூடி, சொட்டச் சொட்ட வியர்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, காய்ச்சலா?"

"அதெல்லாம் இல்லக்கா. காத்து பட்டா தொண்டை என்னமோ பண்ணுது. அது கிடக்கட்டும், இந்த மணிக்கட்டைப் பாருங்க. புண்ணு எப்பவோ ஆறிடுச்சு. ரெண்டு நாளா உள்ளுக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

காயம் நன்றாகத்தான் ஆறியிருந்தது. ஒரு தவணை தவறாமல் அவளே ஊசி போட்ட ஆள். அவள் கை அந்த மணிக்கட்டைத் தொட்டபடியே நின்றுவிட்டது. முதல் ஊசி என்றைக்கு? ஏழு வாரத்துக்கு முன்னால். ஒரு திங்கட்கிழமை.

ஐயோ, அந்தத் திங்கட்கிழமையா?

மருந்து ஃப்ரிட்ஜின் கதவில் ஓர் அட்டை தொங்கும். காலையும் மாலையும் உள்ளே இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்து எழுத வேண்டும்; எட்டு டிகிரியைத் தாண்டினால் மருந்து கெட்டுவிடும். யார் பார்த்தார்கள்! திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் ஐந்து, ஐந்து, ஐந்து என்று ஒரே மூச்சில் நிரப்பிவிடுவாள். அவளுக்கு முன்னால் இருந்த நர்ஸும் அப்படித்தான் நிரப்பினாள். அன்றும் நிரப்பிவிட்டு ஊசி போட ஆரம்பித்தாள். மருந்துப் புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருந்தபோது கூட, வெயில் அப்படி, என்றுதான் நினைத்தாள். சாயங்காலம் பூட்டப் போகும்போதுதான் தரையில் கிடந்த பிளக் கண்ணில் பட்டது. தரை துடைக்கிறவள் வெள்ளிக்கிழமை பிடுங்கிப் போட்டதைத் திரும்பச் சொருகவே இல்லை. தெர்மாமீட்டரில் முப்பத்துமூன்று.

பெட்டியையே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட பன்னிரண்டு பேரையும் திரும்பக் கூப்பிட்டிருக்க வேண்டும். அவள் பிளக்கைச் சொருகினாள். வேலை போய்விடும் என்ற பயம், வேறென்ன? மீதித் தவணைகளும் அந்தப் பெட்டியிலிருந்தே போயின.

பன்னிரண்டாவது ஆள் அவள் மகள். 'வாலு' என்றுதான் வீட்டில் பெயர், எட்டு வயது. தெருவில் ஒரு நாய்க்குட்டி கணுக்காலில் லேசாகப் பல் பதித்துவிட்டது. குட்டிதானே, கீறல்தானே, ஒன்றும் ஆகாது என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அந்தக் குட்டியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

"இந்தாங்கண்ணே, தண்ணி குடிங்க."

தையல்காரர் தம்ளரை வாங்கினார். உதடு வரை கொண்டுபோனார். தொண்டை வெடுக்கென்று இழுத்தது, தோள் துள்ளியது, தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். "காலையிலேருந்து இதே கூத்துதான்."

ஆம்புலன்ஸில் ஏற்றியாயிற்று. டாக்டரம்மா அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"எல்லாம் அஞ்சுதானே இருக்கு. மருந்து நல்லாதான் இருந்திருக்கு. அப்புறம் எப்படி சிஸ்டர்?"

இப்போது சொன்னால் மற்றவர்களையாவது கூப்பிட்டு மறுபடி ஊசி போடலாம்.

"தெரியல டாக்டர்" என்றாள். பாவி, அப்படித்தான் சொன்னாள்.

புதுப் புட்டி இரண்டை ஐஸ் டப்பாவில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் பின்வாசல் வழியாக வெளியே வந்தாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. நடையா ஓட்டமா என்று தெரியாத ஒரு வேகத்தில் போனாள். கையில் டப்பா கடகடவென்று ஆடியது. அவளுக்குத் தெரியாததா? அந்த வெறிநாய்க்கடிக் கிருமி இரத்தத்தில் ஓடாது, காய்ச்சல் காட்டாது, கடித்த இடத்துச் சதையில் பதுங்கியிருந்துவிட்டு ஒரு நரம்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டு ஏறும். மெதுவாக, நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, தலையைப் பார்த்து. வழியில் இருக்கும்போது ஊசியால் மறிக்கலாம். மூளைக்குள் போய்விட்டால் உலகத்தில் மருந்தில்லை. கையிலிருந்து தலைக்குக் குட்டை வழி. காலிலிருந்து நீளம். காலம் இருக்கிறது. கட்டாயம் இருக்கிறது.

ஆனால் எட்டு வயசுக் குழந்தைக்குக் கால் எவ்வளவு நீளம் இருந்துவிடப் போகிறது?

கதவைத் தள்ளினாள். கூடத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பாடா! அந்தச் சத்தத்தைக் கேட்டதும் நிலைப்படியிலேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது.

"வாலு?"

"இங்க இருக்கேம்மா."

குரல் உள்ளறையிலிருந்து வந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது. புழுக்கம். வியர்வை வாடை. மேஜைமேல் பள்ளிக்கூடத் தண்ணீர் பாட்டில். தூக்கிப் பார்த்தாள். கனத்தது. காலையில் அவள் நிரப்பிய தண்ணீர், கழுத்து வரை அப்படியே.

சரக். சரக்.

"இருட்டுல என்னடி பண்றே?"

"கூடத்துல காத்தும்மா. பிடிக்கல."

சரக். சரக்.

விளக்கைப் போட்டாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மகள் உட்கார்ந்திருந்தாள். போர்வை கழுத்து வரை. ஒரு கால் மட்டும் வெளியே. கையில் கணக்குப் பாட ஸ்கேல். அதைக் காலுறைக்குள் விட்டுச் சொறிந்துகொண்டிருந்தாள். காலுறை நனைந்து சிவந்திருந்தது.

"எறும்பு போகவே மாட்டேங்குதும்மா."

அவள் டப்பாவைத் திறந்தாள். ஐஸ் உருகிப்போயிருந்தது. புட்டி தண்ணீரில் மிதந்து, டப்பாவின் ஓரத்தில் மோதிச் சலசலத்தது.

ஸ்கேல் நின்றது.

மகள் டப்பாவையே பார்த்தாள். அந்தச் சத்தத்தையே பார்த்தாள். சின்னத் தொண்டை ஒருமுறை வெடுக்கென்று இழுத்தது.

பிறகு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.