புது ராணி

பெட்டிக்குள்ளிருந்து வரவேண்டிய சத்தம் அது இல்லை. தேனீ வளர்க்கத் தொடங்கி இரண்டு நாள்கூட ஆகாத மார்னிக்கே அது தெரிந்தது. பக்கத்துப் பெட்டி, வேலை நடக்கிற வீடு மாதிரி சீராக இரைந்துகொண்டிருந்தது. இந்தப் பெட்டியோ முனகியது; பலபேர் வாயை மூடிக்கொண்டு ஒன்றாக அழுவதுபோல, ஏறியும் இறங்கியும், விடாமல். மலைச்சரிவில் மழை அப்போதுதான் விட்டிருந்தது. ஈரப் புல்லின் வாசனையோடு, தேனீக்களை அடக்கும் புகைப்பானில் கருகும் சாக்குத்துணியின் நெடியும் மூக்கில் ஏறியது. மூடியைத் தூக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

தேனீ வளர்ப்பது அவள் ஆசைப்பட்டுத் தொடங்கியதல்ல. வெண்டலுக்கு இரண்டாம் தாரமாக மேற்கு வர்ஜீனியாவின் இந்த மலைவீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமியார் ஓபல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாத்தனார் டார்லா, சாப்பாட்டு மேசையில் சோளரொட்டித் தட்டை அவளைத் தாண்டித்தான் நகர்த்துவாள். யாரும் கடுஞ்சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலாவது திருப்பிச் சொல்லியிருக்கலாம். இறந்துபோன மூத்த தாரம் லினெட் தேனீ வளர்த்தவள். அவளுடைய கூட்டங்களும் குளிரில் செத்துப்போயிருந்தன. இந்த வீட்டில் தேனீ பார்ப்பது வீட்டுக்காரியின் வேலை என்று ஓபல் ஒருநாள் பொதுவாகச் சொல்லிவைத்தாள். மார்னி அதைப் பிடித்துக்கொண்டாள். புதிதாக இரண்டு கூட்டங்கள் வரவழைத்தாள். இவை பிழைத்தால் தனக்கும் இங்கே ஓர் இடம் கிடைக்கும் என்று நம்பினாள், பைத்தியக்காரி.

ஒவ்வொரு கூட்டத்தோடும் ராணித் தேனீ தீப்பெட்டி அளவுக் கூண்டில் தனியாக வந்தது. கூட்டத்துக்கு அது அந்நியம். கூண்டின் இரு முனையிலும் தக்கை. ஒரு தக்கைக்குப் பின்னால் மட்டும் கெட்டிச் சர்க்கரை அடைத்திருக்கும். அந்தத் தக்கையைத்தான் எடுக்க வேண்டும். தேனீக்கள் சர்க்கரையைத் தின்று வழி உண்டாக்குவதற்குள் ராணியின் வாசனை அவற்றுக்குப் பழகிவிடும். முதல் பெட்டியில் சரியாகத்தான் செய்தாள். இரண்டாவது பெட்டிக்கு வந்தபோது சமையலறை ஜன்னலில் ஓபலும் டார்லாவும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே மறுமுனைத் தக்கையை எடுத்துவிட்டாள். ராணி நேரே கூட்டத்துக்குள் இறங்கிப் போனது. அது நேற்று.

இப்போது மூடியைத் திறந்தாள். அடிப்பலகையில் எலுமிச்சங்காய் அளவுக்கு ஓர் உருண்டை. முழுக்கத் தேனீக்கள், ஒன்றோடொன்று இறுகி, நடுங்கிக்கொண்டு. விரலால் பிரித்தபோது கையுறையைத் தாண்டிச் சூடு தெரிந்தது. நடுவில் ராணி. இறகு கிழியவில்லை, கால் ஒடியவில்லை. செத்திருந்தது.

சாயங்காலச் சாப்பாட்டில் அவளே அதைச் சொன்னாள். குத்திக்காட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஓபல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதை நிறுத்தவில்லை.

"ஒரு கொடுக்குகூடப் பாயல அத்தை. பின்ன எப்படிச் செத்துச்சு?"

"புது ராணிய எதுக்குக் கொட்டணும்? சுத்தி நெருங்கி நிப்பாங்க, அவ்வளவுதான். ஒடம்புச் சூடு ஏற ஏற அவளே அடங்கிடுவா."

"அது என்ன தப்புப் பண்ணுச்சு?"

"வாசனை ஒத்துக்கல," என்றாள் டார்லா.

மார்னி புருஷனைப் பார்த்தாள். வெண்டல் அவரைக்காயைக் கிளறிக்கொண்டிருந்தான். அவளுக்காக அவன் வாய் திறந்து எவ்வளவோ நாளாயிற்று.

அப்போதுதான் அந்த முனகல் மறுபடி கேட்டது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். குறையவில்லை. பின்கதவைத் திறந்து படியில் இறங்கினாள். மங்கிய வெளிச்சத்தில் இரண்டு பெட்டிகளும் அடங்கிக் கிடந்தன. கிட்டப்போய்க் காதை வைத்தாள். இதில் சத்தமில்லை. அதிலும் இல்லை.

சத்தம் முதுகுக்குப் பின்னால். வீட்டுக்குள்.

எங்கே போவாள்? கார் சாவி உள்ளே. செருப்பு உள்ளே. பக்கத்து வீடு மலைக்கு அந்தப்புறம். படியேறினாள்.

மூவரும் எழுந்து நின்றிருந்தார்கள். வாய்கள் மூடியிருந்தன. முனகல் நின்றது.

"வா மார்னி," என்றாள் ஓபல். முதல்முறையாக. "இத்தன நாளா உன்ன ஒதுக்கியே வெச்சுட்டோம். வா கண்ணு."

அவள் கையை விரித்தாள். மார்னிக்குப் புரியத்தான் செய்தது. ஆனாலும் அந்தப் பெயர், அந்தக் 'கண்ணு'. எத்தனை மாதம் இதற்காகக் காய்ந்து கிடந்தாள். கால்கள் தாமாகப் போயின. ஓபல் அவளை மார்போடு அணைத்துக்கொண்டாள். மார்னி விம்மி அழுதாள்.

பின்னாலிருந்து டார்லா வந்து அணைத்தாள். பக்கவாட்டில் வெண்டல். அவன் கன்னம் காய்ச்சல்காரன் கன்னம்போலக் கொதித்தது.

"போதும்," என்றாள் மார்னி. "மூச்சு முட்டுது."

யாரும் நெரிக்கவில்லை. யாரும் வலிக்கப் பிடிக்கவுமில்லை. நின்றார்கள். இன்னும் கொஞ்சம் நெருங்கினார்கள். மூடிய வாய்களுக்குள் முனகல் தொடங்கியது. அவள் விலா எலும்புகளில் அது அதிர்ந்தது. வேர்வை கண்ணில் இறங்கியது. சூடு. பிறகு இன்னும் சூடு.

"வெண்டல்..."

மாடிப்படி கிறீச்சிட்டது. வீட்டில் வேறு யாரும் இல்லை. கிறீச். கடைசிப் படி. தேன்மெழுகின் வாசனை, லினெட்டின் பழைய பெட்டிகளில் அடிக்கும் அதே வாசனை. இடுக்கில் இடம் தேடி ஒரு ஜோடிக் கைகள் நுழைந்து, அவள் இடுப்பை மெல்லச் சுற்றிக்கொண்டன.