குட்டிகளுக்கு ஒரு குண்டு பல்பு

"அரே, விடுங்க! நான்தான் முதல்ல பிடிச்சேன்!"

தாதர் மார்க்கெட்டில் மிஞ்சியிருந்த கடைசிக் கம்பளியின் ஒரு முனை இசக்கிசெல்வியின் கையில். மறுமுனை... யாரோ ஒருவன் கையில்!

மும்பைக்கு எப்போதாவது வருகிற குளிர். ஸ்வெட்டரே இல்லாத ஊர், துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு திரிந்தது.

"உங்களுக்கு எதுக்கு?" என்றான் அவன்.

"எங்க நாய் குட்டி போட்டிருக்கு."

"நாய்க்கா? அதுக்குத்தான் உடம்பெல்லாம் முடி இருக்குல்லா!"

"பொறந்த குட்டிக்கு ஏது முடி? சரி, உங்களுக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். "லவ் பேர்ட்ஸ்... கூண்டை மூடணும்."

"அதுக்குத்தான் உடம்பெல்லாம் இறகு இருக்குல்லா!"

கடைக்காரர் சலாவுதீன் சிரித்தபடி கத்திரியை எடுத்தார். கம்பளி இரண்டானது. அவனும் சிரித்தான்... உதட்டுக்கு முன்னால் கண்கள் சிரித்தன. சே, இவனைப் போய் ஏன் பார்க்கிறேன்?

பஸ்ஸில் ஏறினால் அங்கேயும் அவன்! பெயர் மாரீஸ்வரன், தாராவியில் பை தைக்கும் பட்டறை, அவள் வீட்டுக்கு அடுத்த சந்து.

"நம்ம வீடுகள்ல கூரைத் தகரத்துக்கும் சுவத்துக்கும் நடுவுலதான் காத்து வரும். வந்து அடைச்சுத் தரட்டா?"

"எங்க வீட்டைப் பாத்துக்க எங்களுக்குத் தெரியும்," என்றாள் வெடுக்கென்று. அவன் முகம் வாடியது. ஐயோ... ஏன் அப்படிச் சொன்னேன்?

மறுநாள் காலை ஒரு குட்டி பால் குடிக்கவில்லை. தொட்டால் சில்லென்றிருந்தது. விளக்கை அருகில் வைத்தாள். எல்.இ.டி. பல்பு... வெளிச்சம் வந்தது, சூடு வரவில்லை. மாரீஸ்வரனின் பறவைக் கூண்டுக்குள் சூட்டுக்காகப் பழைய குண்டு பல்பு இருக்குமே! ஆனால் எந்த முகத்தோடு கேட்பது?

குட்டி முனகியது. துப்பட்டாவுக்குள் அதைப் பொத்திக்கொண்டு அடுத்த சந்துக்கு ஓடினாள்.

அவன் குட்டியைத் தொட்டுப் பார்த்தான். கூண்டிலிருந்த பல்பைத் துணியால் பிடித்துக் கழற்றினான். கூடவே ஓடி வந்தான். குட்டிகளின் பெட்டிக்கு மேலே பல்பை மாட்டினான். தகர இடுக்கில் கோணிச் சாக்கைத் திணித்தான். இருவரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தார்கள்...

குட்டி அசைந்தது. தட்டுத் தடுமாறித் தாயின் மடியைத் தேடியது. குடித்தது!

"குடிக்குது! குடிக்குது!" செல்வி அழுதுகொண்டே சிரித்தாள். சட்டென்று நினைவு வந்தது. "உங்க பறவைங்க நடுங்குமே... கூண்டை இங்கேயே தூக்கிட்டு வாங்க!"

கூண்டு வந்தது. கீச்சுகீச்சென்று வீடே நிறைந்தது. உள்ளிருந்து அம்மா சண்முகவடிவு எட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குளிரு எப்பப்பா போவும்?"

"ரெண்டு மூணு நாள்ல போயிரும், அத்தை."

அம்மா டீ போடப் போனாள். செல்வி அவன் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மாவை ஏன் அத்தைன்னு கூப்பிட்டீங்க?"

"சித்தின்னு கூப்பிட்டா..." அவன் காதுமடல் சிவந்தது. "நீங்க எனக்குத் தங்கச்சி ஆயிருவீங்களே! அதுக்கு என்னால முடியாது. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு, செல்வி. கம்பளியை இழுத்தப்பவே..."

அவள் தலை நிமிரவில்லை. குட்டியின் முதுகை வருடிக்கொண்டே இருந்தாள்.

"அத்தைன்னே கூப்பிடுங்க..." என்றாள். "எனக்கும் அதுதான் பிடிச்சிருக்கு."